புரியாத மொழிக்கும் நாம்தான் பொறுப்பு: கோவையில் ஒரு சமுதாய வானொலி அனுபவம்

சமுதாய வானொலி, அதாவது ஒரு சின்ன வட்டாரத்துக்கு உள்ளூர் ஆட்களே நடத்தும் வானொலி, தொடங்கும் எண்ணத்தோடு எங்களைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது மைக் எந்தக் கம்பெனி, டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு ஆகும் என்பதைத்தான். அதெல்லாம் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். கோயம்புத்தூர் மாதிரி ஊரில், சம்பளம் இல்லாத ஆட்களை வைத்துக்கொண்டு, பல மொழிகளில் நிலையம் நடத்தும்போது தூக்கத்தைக் கெடுப்பது வேறு சங்கதி. ஞாயிறு சாயங்காலம் முன்பே பதிவு செய்த ஒடியா நிகழ்ச்சி அரை மணி நேரம் போகிறது. அந்த நேரத்தில் ஸ்டுடியோவில் இருக்கிற ஒருவருக்கும் ஒடியா தெரியாது. அதில் என்ன பேசினார்கள் என்று நாளைக்கு யாராவது வந்து கேட்டால் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இத்தனை மொழி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கோவையில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? தேவாங்கர் வீடுகளில் கன்னடம். நாயுடு வீடுகளிலும் அருந்ததியர் குடியிருப்புகளிலும் தெலுங்கு. கணவாய் வழியாகப் பாலக்காட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து போகிற மலையாளம். மேட்டுப்பாளையம், காரமடை பக்கம் நீலகிரி மலையிலிருந்து இறங்கிவந்த படுகர்களின் படுகு. ஆர்.எஸ்.புரத்தில் குஜராத்தி. இப்போது பவுண்டரியிலும் நூற்பாலையிலும் கட்டட வேலையிலும் ஹிந்தி, ஒடியா, வங்காளம், அசாமி. எங்கள் நிலையத்தில் ஆறு மொழிகள் ஒழுங்காக ஓடுகின்றன. படுகு ஆள் கிடைக்கும்போது மட்டும்.

விதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்றலை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் வழி திறந்தார்கள். 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் சமுதாய வானொலி வந்தது. 2006க்குப் பிறகு லாப நோக்கமில்லாத அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம் என்றானது. தனி ஆளுக்கும் கட்சிக்கும் கிடைக்காது. பதிவு செய்து மூன்று வருடமாவது ஆன அமைப்பு வேண்டும். ஒலிபரப்புத் திறன் 100 வாட், ஆன்டெனா உயரம் 30 மீட்டர், இவ்வளவுதான் பொதுவாக அனுமதி. பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குத் தெளிவாகக் கேட்டால் நல்லது. நடுவில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டால் அதுவும் குறையும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கெடுத்துத் தயாரித்ததாக இருக்க வேண்டும். சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது; ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். போக்குவரத்து, வானிலை, தண்ணீர், மின்சாரம், தேர்வு, திருவிழா, அரசு அறிவிப்பு இதற்கெல்லாம் தடையில்லை. ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இந்த மூன்று மாத விதியைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்த விதி. புரியாத மொழி நிகழ்ச்சிக்கு அதுதான் பிடிமானம்.

சரி, புரியாத மொழியை எப்படிச் சோதிப்பது? போனில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறதே என்பார்கள். ஹிந்திக்குக் கொஞ்சம் உதவும், என்ன விஷயம் என்று குத்துமதிப்பாகத் தெரியும். கோவைத் தெலுங்கையும் படுகையும் அதன்முன் வைத்தால் அது உளறுவதைக் கேட்டுச் சிரிக்கலாம், அவ்வளவுதான். எங்களுக்கு வேலைக்கு ஆன வழி, ஒவ்வொரு மொழிக்கும் பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர் என்று இரண்டு பேரை வைத்தது. கேட்கிறவர் மைக் முன்னால் வரவே மாட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் பதிவு அவர் போனுக்குப் போய்விடும். அவர் கேட்டுவிட்டு ஒரு தாளில் எழுதி அனுப்புவார்: எத்தனையாவது நிமிடத்தில் என்ன பேச்சு, யார் பெயர் வருகிறது, எந்தக் கம்பெனி அல்லது காண்டிராக்டர் பெயர் வருகிறது, போன் நம்பர் ஏதாவது உண்டா, மருந்து, கடன், சீட்டு, வேலை வாங்கித் தருவது பற்றி ஏதாவது உண்டா, சாமி, சாதி, கட்சி உண்டா. பேசுகிறவரும் அதே தாளைத் தனியாக நிரப்பித் தருவார். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மொழி தெரியாத எனக்கே எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேட்கிறவரும் பேசுகிறவரும் ஒரே ரூமில் தங்குகிறவர்களாக இருக்கக் கூடாது, ஒரே காண்டிராக்டரிடம் வேலை செய்கிறவர்களாகவும் இருக்கக் கூடாது. கூட்டாளி பேசினால் கூட்டாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவான். ஒரு தடவை ஹிந்தி நிகழ்ச்சியில் வாழ்த்துச் சொல்கிற பகுதி வந்தது. ஊரில் இருக்கிற தங்கைக்கு வாழ்த்து, மாமாவுக்கு வாழ்த்து என்று பேசியவர் தாளில் இருந்தது. கேட்டவர் தாளில் அதே இடத்துக்கு நேராக “போன் நம்பர், இரண்டு தடவை” என்று எழுதியிருந்தார். போட்டுக் கேட்டோம். மாமா என்றது ஆள் சேர்த்துவிடும் ஏஜென்ட். வாழ்த்தோடு வாழ்த்தாக அவர் நம்பரும் தினக்கூலியும் சேர்ந்து வந்திருந்தது. நிகழ்ச்சி நடத்திய பையன் மேல் தப்பு இல்லை, அவனிடம் துண்டுச் சீட்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மீதியைப் போட்டோம். பையனைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் அடுத்த வாரம் வந்திருக்க மாட்டான், அவனோடு அந்த மொழியும் போயிருக்கும்.

இந்தத் தாள் முறையைக் கொண்டுவந்தபோது தெலுங்கு நிகழ்ச்சி செய்கிற அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏனுங் அம்மிணி, எங்கூட்டுப் பேச்சப் பேசறதுக்கு இப்படிச் சீட்டு எழுதிக் குடுக்கோணுமா? தமிழ்க்காரங்க மட்டும் நெனச்சதப் பேசிட்டுப் போறாங்க” என்றார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து தமிழ் நிகழ்ச்சிக்கும் அதே தாள், அதே மாதிரி ஒரு கேட்கிறவர். தமிழ்க்காரர்கள் கொஞ்ச நாள் முனகினார்கள். ஆனால் மற்ற மொழிக்காரர்களுக்குச் சந்தேகம் போய்விட்டது. எல்லோருக்கும் ஒரே அளவு இல்லாத இடத்தில் சோதனை என்பது அவமானமாகத்தான் படும்.

2023 மார்ச் முதல் வாரத்தை இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றிய நேரம். ஹோலியும் பக்கத்தில் வந்ததால் ரயில் நிலையத்தில் யார் பண்டிகைக்குப் போகிறார்கள், யார் பயந்து போகிறார்கள் என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. திருப்பூரிலும் கோவையிலும் அதிகாரிகள் ஹிந்தியில் அறிவிப்பு வெளியிட்டார்கள், பீகாரிலிருந்தே ஒரு குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. எங்கள் ஹிந்தி தம்பிக்கு ஊரிலிருந்து அம்மா மணிக்கு ஒரு தடவை போன். மைக்கைக் கொடுங்கள் தீதி (அக்கா), எல்லாம் பொய் என்று சொல்லிவிடுகிறேன் என்று வந்து நின்றான்.

சொந்தச் செய்தி சொல்ல எங்களுக்கு அனுமதி கிடையாது. ‘அங்கே நடந்தது, இங்கே நடக்கவில்லை’ என்று நாங்கள் தீர்ப்புச் சொல்வது செய்திதான். அதனால் இரண்டு காரியம் செய்தோம். அரசு வெளியிட்ட ஹிந்தி அறிவிப்பையும் உதவி எண்ணையும் ஒரு எழுத்து மாற்றாமல் மணிக்கு ஒரு தடவை போட்டோம். அப்புறம் கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் பக்கத்து லைன் வீடுகளுக்குப் போய், அங்கே இருக்கிறவர்களிடம் இன்றைக்கு என்ன ஷிப்ட், என்ன சமைத்தீர்கள், சம்பளம் வந்ததா, கடைக்குப் போனீர்களா என்று மட்டும் கேட்டுப் பதிவு செய்தோம். அதில் ஒருவர், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பக்கத்துக் கடைக்கார அண்ணன் தினமும் வந்து விசாரிக்கிறார், அதனால் இருக்கிறேன் என்றார். பயம் என்ற வார்த்தையை வெட்டிவிடலாம் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். பத்துப் பேரும் ‘ஒன்றும் பிரச்சினை இல்லை’ என்றால் பயந்து உட்கார்ந்திருக்கிறவன் நம்பவே மாட்டான். அந்தக் குரல் வெட்டாமல் போனது.

அன்றைக்கு வெளிமாநிலத் தொழிலாளர்கள் எங்கள் அலைவரிசைக்குத் திருப்பினார்கள் என்றால் அதற்குக் காரணம் தண்ணீர். வேடிக்கை இல்லை. சிறுவாணித் தண்ணீர் எந்தப் பகுதிக்கு என்றைக்கு, பில்லூர்த் தண்ணீர் எங்கே நின்றிருக்கிறது, மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தத் துணைமின் நிலையத்தில் மின்தடை என்பதை எல்லா மொழியிலும் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு ரூமில் எட்டுப் பேர் இருந்தால் தண்ணீர் நாள் தெரியாமல் போவது சின்ன விஷயமில்லை. அதோடு தன்பாத் எக்ஸ்பிரஸ் தாமதமா என்பதும் சேரும். இந்த அறிவிப்புகளைத் தயாரிப்பது சலிப்பான வேலை, யாரும் கைதட்ட மாட்டார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்த நிகழ்ச்சியைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம்.

ஆட்களைச் சேர்ப்பதில் எனக்கு ஒரே அளவுகோல்தான். நல்ல குரல் வேண்டியதில்லை, வருகிற ஆள் வேண்டும். மணி மாதிரி குரலோடு வந்து மூன்று வாரத்தில் காணாமல் போனவர்கள் நிறைய. பவுண்டரியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, முகத்தில் கரி போகாமல் வந்து இருபது நிமிடம் பேசிவிட்டுப் போகிறவர்கள்தான் நிலையத்தை ஓட்டுகிறார்கள். அவர்கள் ஷிப்டைக் கேட்டுத்தான் ரெக்கார்டிங் நேரத்தைப் போட வேண்டும். நமக்கு வசதியான நேரத்தைப் போட்டுவிட்டு ஆள் வரவில்லை என்று புலம்பக் கூடாது. சம்பளம் வாங்கிய அடுத்த ஞாயிறு யாரும் வர மாட்டார்கள், காந்திபுரம், உக்கடம் என்று கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கு ஸ்டுடியோவைச் சுத்தம் செய்துகொள்ளலாம். தைப்பொங்கலுக்குத் தமிழ்க்காரர்கள் ஆளுக்கொரு திசையில் ஊருக்குப் போய்விடுவோம். வெளிமாநிலத் தம்பிகள் லீவில் ரூமில்தான் இருப்பார்கள். அந்த வாரம் ஹிந்தி, ஒடியா நேரத்தைக் கூட்டிவிடலாம். தீபாவளியிலிருந்து பீகார்ப் பக்கத்துப் பண்டிகையான சட் பூஜை முடியும்வரை ஹிந்திக்கு ஆளே இருக்காது. அதற்குத் தேதி சொல்லாத நிகழ்ச்சிகளை, பாட்டு, சமையல், ஊர்க்கதை என்று ஆவணியிலேயே கையிருப்பாக எடுத்து வைக்கிறோம். யுகாதி தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் ஒரே நாளில் வருவதால் காலை நேரத்துக்கு அடிபிடி. அதற்கு இன்னும் தீர்வு காணவில்லை.

எழுத்து விஷயத்திலும் ஒரு வினோதம். எங்கள் தெலுங்கு அம்மாவுக்குத் தெலுங்கு எழுதப் படிக்கத் தெரியாது, படித்ததெல்லாம் தமிழ்ப் பள்ளிக்கூடம். பேச வேண்டியதைத் தமிழ் எழுத்தில் தெலுங்காக எழுதிக்கொண்டு வருவார். படுகு பேசுகிறவரும் அப்படித்தான். எழுதியவர் வாசித்தால் பிரச்சினை இல்லை, அவர் வராத நாளில் அந்தத் தாளை இன்னொருவர் வாசித்தால் ‘கல்’லில் வரும் க எது, ‘அங்கே’யில் வரும் க எது என்று தடுமாறுவார். அதனால் முழு வசனம் எழுதுவதை நிறுத்திவிட்டோம். நாலு குறிப்பு, அதைப் பார்த்துப் பேச்சு. பேச்சும் அப்போதுதான் பேச்சாக இருக்கிறது. ஆந்திராவிலிருந்து வந்து இங்கே ஐடியில் வேலை செய்யும் ஒருவர் போன் போட்டு இது தெலுங்கே இல்லை என்றார். இருக்கலாம். பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் பேசுகிற தெலுங்கு அதுதான், எங்களுக்கு அதுதான் வேண்டும். நீங்களும் வந்து உங்கள் தெலுங்கில் ஒரு பகுதி செய்யுங்கள் என்று கூப்பிட்டோம், வரவில்லை.

தமிழ்க்காரர்களுக்கு வேறு வியாதி. மைக்கைப் பார்த்ததும் ‘வணக்கம் நேயர்களே’ என்று குரல் மாறிவிடும். வெளியே “வாங்க, டீ குடிச்சீங்களா” என்று பேசியவரா இவர் என்று தோன்றும். இப்போது நாங்கள் பேக்கரியில் டீ குடிக்கும்போதே போனில் பதிவைத் தொடங்கிவிடுகிறோம், அவரிடம் சொல்லிவிட்டுத்தான். கடையிலிருந்து ஸ்டுடியோவுக்கு வரும் வழியில் பேசியதே நிகழ்ச்சியில் நல்ல பகுதியாக அமைந்துவிடுகிறது.

பெண்கள் குரல்தான் கஷ்டம். 2024இல் வந்த திருத்திய விதிகள் ஆலோசனை, உள்ளடக்கக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளத்துக்கு அது பிரச்சினையே இல்லை, எங்கள் குழுவில் பெண்கள்தான் அதிகம். கொங்குப் பக்கத்து ஆட்டப்பாட்டான வள்ளி கும்மி பாட வாருங்கள் என்றால் ஒரு வேன் நிறைய வருவார்கள். பெண்களுக்குக் கும்மி சொல்லிக்கொடுத்து வந்த மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் போன் இரண்டு நாள் ஓயவில்லை. ஒடியா, ஹிந்தி பேசும் பெண்கள் பெரும்பாலும் மில் விடுதிகளில் இருக்கிறார்கள். உள்ளே போக அனுமதி வேண்டும், போனாலும் பக்கத்தில் வார்டன் நிற்பார். அங்கே வேலையைப் பற்றிக் கேட்பதில் அர்த்தமில்லை, அவர்களுக்கு வம்பாகவும் முடியும். பாட்டும் சமையலும் கேட்டோம். பெயரும் மில்லும் சொல்வதில்லை, ஊர் மட்டும். வெளியே வரும் ஞாயிறுகளில் அவர்களாகவே தேடி வந்து பேசினால் அது வேறு. இரண்டு பேர் அப்படி வருகிறார்கள்.

அறையைப் பற்றியும் சொல்கிறேன், இல்லையென்றால் விட மாட்டீர்கள். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் நிற்கும் என்பதை நம்பாதீர்கள். அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறையலாம், பக்கத்து வீட்டு போர்வெல் மோட்டாரை அது தடுக்காது. நாங்கள் மரச்சட்டத்துக்குள் பனியன் வேஸ்ட்டைத் திணித்து மேலே துணி அடித்தோம். கதவுக்கும் ஜன்னலுக்கும் பவானி ஜமக்காளத்தை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டோம். விலை உயர்ந்த கண்டென்சர் மைக் எல்லாச் சத்தத்தையும் இழுத்துக்கொள்ளும். சத்தமான தெருவுக்குச் சாதாரண டைனமிக் மைக்தான் சரி. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண், நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து. லைன் வீட்டில் பதிவு செய்தால் ஃபேனை நிறுத்திவிட்டு, யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் சத்தத்தை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் வெட்டின இடத்தை ஒட்ட அது உதவும். குக்கர் விசில் வந்தால் விட்டுவிடுங்கள், வீடு என்று தெரியட்டும். எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி போதும், இலவசம்.

காசு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, இருந்தால்தானே. மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரத்தை 2024இல் 12 நிமிடமாக்கி, அரசு விளம்பரத்துக்குப் பத்து நொடிக்கு 52 ரூபாயாக இருந்ததை 74 ரூபாயாக்கினார்கள். நேரம் கூடியது, அதை நிரப்ப விளம்பரம் வர வேண்டுமே. பேக்கரி, மாவு மில், டியூஷன் சென்டர் என்று தெருவை வைத்துத்தான் ஓடுகிறது. வட்டிக் கடைக்கும் ஆள் பிடிக்கிறவர்களுக்கும் இடமில்லை என்று எழுதியே ஒட்டியிருக்கிறோம். வேறு மொழியில் போனால் யாருக்குத் தெரியும் என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

தன்னார்வலர்கள் போய்க்கொண்டேதான் இருப்பார்கள். வேலை மாறும், கல்யாணம் ஆகும், காண்டிராக்டர் வேறு ஊருக்கு அனுப்புவார். போகாதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. புதியவரைக் கடைசி நாலு நிகழ்ச்சிகளில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போ என்று மட்டும் கேட்கிறோம். பாஸ்வேர்டு, சாவி, பதிவு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஒரு நோட்டில் இருக்கும்.

ஒடியா தொடங்கிவைத்த தம்பி போன வருடம் ஊருக்கே திரும்பிவிட்டான். நிகழ்ச்சியை நான் அங்கிருந்தே பேசி அனுப்பட்டுமா தீதி என்று கேட்டான். பேசுவது இங்கே இருக்கிறவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, அதற்குப் பதிலாகக் கேட்கிற வேலையைக் கொடுத்தோம். இங்கே யாரோடும் ரூமும் இல்லை, காண்டிராக்டரும் இல்லை, அதற்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. வெள்ளி ராத்திரி பதிவு போனால் சனி காலையில் தாள் வந்துவிடுகிறது. போன வாரம் ஒரு நிகழ்ச்சியைத் திருப்பி அனுப்பிவிட்டான்: பதினாலாவது நிமிடத்தில் வாடகை பற்றிப் பேசும்போது வீட்டுக்காரர் பெயர் வருகிறது, வெட்டிவிட்டு மறுபடி அனுப்புங்கள் என்று.